சான்று எங்கே?

(திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



"இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கம்யூனிசத்தின் விரிவாக்கம்" என்ற பொருளிற் கட்டுரை வரையுமாறு உங்களைப் பணித்திருக்கிறார்கள். அதற்கு நல்ல ஆதாரங்களை எங்கே தேடுவது என்று கூறுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரை அழையாது வழக்கறிஞன் ஒருவனை அழைத்தது ஏனென்று முதலில் வியந்தேன். சான்றைத் தேடுவதும், தேடிய சான்றைச் சோதிப்பதும் எங்கள் அன்றாடத் தொழிலல்லவா என்று பின்னர் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆகவே, நீதிமன்றத்தில் நாங்கள் பழகிய முறையிலேயே இந்த விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

உங்களுட் சிலர் எழுதிய முதற்படிகளை ஆசிரியர் எனக்குக் காட்டினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரைபடம். 1945இற் சிறிதாக இருந்த சிவப்பு நிறம் 1950இற் பாதி ஆசியாவை மூடிக்கொள்கிறது. அதன் கீழே ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற வாக்கியங்கள். இவற்றுக்கு ஆதாரம் யாது என்று வினவினால், "இணையத்தில் இருந்தது" என்பதே விடை. "சந்தையிற் பேசிக்கொண்டார்கள், ஐயா" என்று கூறும் சாட்சியை எந்த நீதவானும் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார். இதற்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

தலைப்பே ஒரு குற்றச்சாட்டு

"விரிவாக்கம்" என்ற சொல்லைச் சற்று உற்றுநோக்குங்கள். ஒருவன் தன் வேலியைத் தள்ளி அயலவன் காணியிற் போட்டான் என்பது போன்ற சொல் அது. அது தானாகவே மெய்யாகிவிடாது. இந்நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுவது யாதெனில், ஒரு செய்தியை உண்டென்று சொல்பவனே அதனை எண்பிக்கவேண்டும் என்பதாகும். ஆகவே, ஒவ்வொரு நாட்டையும் எடுத்து, அங்கே வேலியைத் தள்ளியவர் யார், எப்பொழுது, எந்த வலிமை கொண்டு என்று தனித்தனியே கேட்கவேண்டும்.

அவ்வாறு கேட்டால் அந்தச் சிவப்பு நிறம் ஒரே நிறமாக இராது. போலந்திலும் ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் செம்படை சென்ற வழியே ஆட்சியும் சென்றது. அதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. 1944ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் மொஸ்கோவிலே சேர்ச்சில் ஒரு துண்டுத் தாளில், ருமேனியாவில் உங்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, கிரேக்கத்தில் எங்களுக்குத் தொண்ணூறு, ஹங்கேரியிலும் யூகோசிலாவியாவிலும் பாதிப் பாதி என்று எழுதி நீட்ட, ஸ்டாலின் அதிற் பென்சிலாற் கோடிட்டார். இதனைச் சேர்ச்சிலே 1953இல் வெளியிட்ட தம் போர் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். தன் வாயாலே தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவனின் கூற்றுக்கு நீதிமன்றத்தில் மிகுந்த மதிப்புண்டு. அந்தத் துண்டுத் தாளில் விரிவாக்கம் உண்டு. ஆனால் விரிந்தவர் ஒருவர் மட்டுமல்லர்.

சீனாவில் நிகழ்ந்தது வேறு. 1949இல் மாஓவின் படை பீக்கிங்கை அடைந்தது சொந்த நாட்டின் உழவர் பட்டாளத்தோடு. கேரளத்தில் 1957இல் நம்பூதிரிப்பாடு முதலமைச்சரானது வாக்குச்சீட்டினால். இம்மூன்றையும் ஒரே தூரிகையாற் பூசிய வரைபடம் பார்வைக்கு அழகாயிருக்கலாம், சான்றாகாது.

நம் துறைமுகத்தை விசாரித்தால்

இனி உங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லப்போவதில்லை. இந்த மண்டபத்தின் யன்னலைத் திறந்தாற் காணும் துறைமுகத்துக்கே அழைக்கிறேன். போருக்குப் பிந்திய அந்தப் பெரும் பூசலில் இத்துறைமுகம் ஒரு சாட்சிப் பொருள்.

1947ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், சுதந்திரம் பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டார். அதன்படி கடற்படைத் தளங்களையும் விமானத் தளங்களையும் துறைமுகங்களையும் பிரித்தானியப் படையினர் பயன்படுத்தலாம். திருமலைத் துறைமுகமும் கட்டுநாயக்காவும் அவ்வாறே அவர்கள் கையில் இருந்தன. ஒப்பந்தம் மிகச் சிறியது. அதனை முழுதும் படித்துப் பாருங்கள். "கம்யூனிசம்" என்ற சொல் அதில் இல்லை. "ருஷ்யா" என்ற சொல்லும் இல்லை. முடிவுக் காலமும் குறிக்கப்படவில்லை. ஆவணம் மௌனமாயிருக்கும் இடத்தில் நீங்கள் சொல்லை நுழைத்தலாகாது. யாருக்கு அஞ்சி இந்த ஏற்பாடு என்று அறிய விரும்பினால், பாராளுமன்ற விவாதப் பதிவுகளுக்கும், பேராசிரியர் கே. எம். டி சில்வா பதிப்பித்து 1997இல் வெளிவந்த பிரித்தானிய அரசின் ஆவணத் தொகுதிகளுக்கும் செல்லவேண்டும்.

அடுத்த ஆண்டு இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை கோரி விண்ணப்பித்தது. சோவியத் நாடு மறுப்பு வாக்கினால் அதனைத் தடுத்தது. 1949இலும் தடுத்தது. கூறிய காரணம் யாது? இலங்கை மெய்யாகவே சுதந்திர நாடுதானா என்பது ஐயத்துக்குரியது. அந்நியர் படையும் தளமும் அங்கே உள்ளன என்பதே. அதாவது, நியூயோர்க்கிலே நம் துறைமுகம் கூண்டில் ஏற்றப்பட்டது.

இக்காரணம் மெய்யா? நம் நாட்டு இடதுசாரிகளும் இதே வாதத்தைப் பாராளுமன்றத்திற் கூறினர். எனவே அவர்கள் மொஸ்கோவின் கையாட்கள் என்று எழுதிவிட எவருக்கும் ஆசை எழலாம். அவசரப்படாதீர்கள். அவர்களுட் பெரிய கட்சியாகிய சமசமாஜக் கட்சி ட்ரொட்ஸ்கியைப் பின்பற்றியது. ஸ்டாலினை ஆதரித்தோரைத் தன்னிடமிருந்து வெளியேற்றியது. வெளியேறியோரின் வழியில் 1943இல் எழுந்ததே இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி. ஒருவரையொருவர் பகைத்த இரு சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறினால், அது கூடிப் பேசிய சாட்சியன்று. செய்தியில் ஏதோ உண்மை உண்டு என்று கருத இடமுண்டு.

ஆயினும் சோவியத் வாதத்தையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டுமே! 1955ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அமர்ந்தது. அன்று மறுப்பு வாக்கு இல்லை. அன்று ஒப்பந்தம் நீங்கிவிட்டதா? இல்லை. பிரித்தானியக் கடற்படை திருமலையை விட்டுப் போய்விட்டதா? அதுவும் இல்லை, தளம் நம் கைக்கு வந்தது 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். தளம் அதே தளம், ஒப்பந்தம் அதே ஒப்பந்தம். தடை மட்டும் மறைந்தது. ஏன்? அதே நாளில் அல்பேனியா, பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளும் உறுப்புரிமை பெற்றன. மொத்தம் பதினாறு நாடுகளை இரு தரப்பாரும் பேரம் பேசி ஒருங்கே உள்ளே எடுத்தனர். கூறிய காரணம் வேறு, கருதிய காரணம் வேறு. இதனை எந்த நூலாசிரியரும் உங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. மூன்று தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினாற் போதும்; தாளே பேசும்.

அரிசியும் இறப்பரும்

வயல் செய்யும் பெரியோர்களுக்கு இப்பகுதி நன்கு விளங்கும். கொரியப் போரின்போது ஏறிய இறப்பர் விலை பின்னர் இறங்கிற்று. உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்தது. வாங்குவதற்கு அரிசி கிடைப்பதே அரிதாயிற்று. அமெரிக்காவிடம் உதவி கேட்டுக் கிடைக்காதபோது, வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது: ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசி தருவது, இலங்கை 50,000 தொன் இறப்பர் தருவது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது.

இதனைச் செய்தது யார்? இடதுசாரி அரசாங்கமா? கம்யூனிசத்தை மேடைதோறும் சாடிய ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம்! சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருள் விற்கும் நாட்டுக்கு உதவியில்லை என்று 1951இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் நம்மீது பாய்ந்தது; 1956 வரை அந்நாட்டு உதவி நமக்குக் கிட்டவில்லை. ஆசியாவிலே கம்யூனிசத்துக்குக் கடும் பகைவராயிருந்த ஓர் அரசாங்கமே கம்யூனிசத் தண்டனைக்கு ஆளாயிற்று. உங்கள் சிவப்பு வரைபடத்தில் இதனை எந்த நிறத்தாற் பூசுவீர்கள்?

சீன அரிசி வந்தும் வயிறு ஆறவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை அளவொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினர். ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மேல் ஏறிக் கூடிற்று. அக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இது கம்யூனிசச் சதியா, பசியின் குரலா? அழைப்பு விடுத்தவர்கள் இடதுசாரிகள் என்பது மெய். அந்த 45 சத உயர்வும் மெய். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதும் கட்டுரை, ஒரு பக்கச் சாட்சியை மட்டும் அழைத்த வழக்குப் போன்றது.

பாண்டுங்கும் ஹங்கேரியும்

1955ஆம் ஆண்டு ஏப்ரலில் பாண்டுங் மாநாடு. அங்கே நம் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை, மேலைநாட்டாரின் குடியேற்ற ஆட்சியைக் கண்டிப்போர் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத்தின் பிடியிலுள்ள நாடுகளையும் குடியேற்ற நாடுகளென்று ஒப்புக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். சூ என் லாய் கொதித்தார், நேரு முகஞ்சுளித்தார். இந்நிகழ்ச்சியை அறியப் பலரும் சேர் ஜோன் தாமே எழுதிய தன் வரலாற்று நூலையே நாடுவர். சுவையான நூல்தான். ஆனால் அவர் தம் வழக்கில் தாமே சாட்சி. அதனோடு சீன அயலுறவு அமைச்சின் ஆவணங்களையும் ஒப்பிடுங்கள். வாஷிங்டனின் வில்சன் நிலையம் அவற்றுட் பலவற்றை மொழிபெயர்த்து இணையத்தில் இட்டது. சேர் ஜோன் கேட்ட கேள்வி நேரிய கேள்வி. அதனைக் கேட்ட நாளிலும் திருமலையிற் பிரித்தானியக் கொடி பறந்துகொண்டிருந்தது என்பதையும் அருகில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் குறிப்பிட்ட நாடுகளுள் ஹங்கேரியும் ஒன்று. 1956ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நவம்பரிற் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகரை நசுக்கின. அதனை விசாரிக்க ஐக்கிய நாடுகள் சபை 1957 சனவரியில் ஐந்து நாடுகள் கொண்ட குழுவொன்றை அமைத்தது. அவ்வைந்தில் ஒன்று இலங்கை. நம் பிரதிநிதி ஆர். எஸ். எஸ். குணவர்த்தனா. உறுப்பினராகி ஓராண்டு தாண்டியதும், தன்னோடு ஒரே நாளில் உள்ளே வந்த நாட்டின் துயரை விசாரிக்க இலங்கை அமர்ந்தது. 111 சாட்சிகளைக் கேட்டு அவ்வாண்டு சூன் மாதத்தில் அறிக்கை வெளியிட்டனர்.

என் பார்வையில், உங்கள் கட்டுரைக்கு இதனினும் சிறந்த ஆதாரம் இல்லை. குறையும் உண்டு: சாட்சிகளிற் பெரும்பாலோர் நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், ஆட்சியை வெறுத்தவர்கள். ஆனால் குழு ஹங்கேரிக்குள் வர அனுமதி கேட்டது, மறுக்கப்பட்டது. தன்னிடமுள்ள சான்றை முன்வைக்க மறுப்பவனுக்கு அச்சான்று பாதகமாகவே இருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். நம் சான்றுச் சட்டம் அவ்வாறே கூறுகிறது. சாட்சிகளை உள்ளே விடாத அரசாங்கங்களைப் பற்றித் தமிழ் மக்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுமோ!

ஏன் இத்தனை கண்டிப்பு?

தேர்வுக் கட்டுரை ஒன்றுக்கு இத்தனை கெடுபிடியா என்று சிலர் எண்ணக்கூடும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 18 இடங்களைப் பெற்றன. மறு ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் நாடற்றவராயினர். பின்னர் வாக்கும் இழந்தனர். தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போகிறது என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் பலர் கூறுவர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் பார்த்து, அவர்களுட் பெரும்பாலோரைப் பங்கிட்டது. "கம்யூனிச அபாயம்" என்ற சொல் உங்கள் வகுப்பறையில் வெறும் சொல். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அது மனிதரின் வாக்குச்சீட்டாயிருந்தது.

ஆயினும் அச்சட்டத்தின் வாசகத்திலும் "கம்யூனிசம்" இல்லை. நோக்கத்தை எண்பிக்கத் தேர்தல் முடிவுகள் வேண்டும், விவாதப் பதிவுகள் வேண்டும், கொழும்பிலிருந்து பிரித்தானியத் தூதுவர் எழுதிய கடிதங்கள் வேண்டும். மேடையில் ஒரு வாக்கியத்திற் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து "சான்று எங்கே?" என்று கேட்கும்போது கைதட்டு உதவாது. நம் இனத்தின் வழக்கு முழுவதும் ஆவணங்களை நம்பி நிற்பது. பிறர் வழக்கில் ஆவணத்தை அலட்சியமாகப் படிக்கப் பழகிய பிள்ளை நம் வழக்கிலும் அப்படியேதான் படிப்பான்.

எங்கே தேடுவது

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பு ஒப்பந்தம் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கைத் தொகுதியில் அச்சாகியுள்ளது. பாதுகாப்புச் சபை நடவடிக்கைகளும் ஹங்கேரி அறிக்கையும் அச்சபையின் எண்ணிம நூலகத்திலே உண்டு. அமெரிக்க அரசின் அயலுறவு ஆவணத் தொகுதிகளில் 1951க்கும் 1952–1954க்கும் உரியவற்றில் இலங்கை பற்றிய பகுதிகளைக் காணலாம். இறப்பர் பேரம் முழுவதும் அங்கே அமெரிக்கர் வாயிலாகவே கேட்கும். இரு தரப்பின் மனத்தையும் ஒருங்கே அறிய விழைவோர், 1946 பெப்ரவரியில் மொஸ்கோவிலிருந்து அமெரிக்கர் கெனன் அனுப்பிய நெடுந்தந்தியையும், அதே செப்டெம்பரில் வாஷிங்டனிலிருந்து சோவியத் தூதுவர் நோவிக்கொவ் அனுப்பியதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒவ்வொருவரும் மற்றவரையே விரிவாக்கக்காரர் என்கிறார்.

இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குச் செல்லுங்கள்; கட்டுரையை அங்கேயே விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு இயந்திரம் தரும் நூற்பெயரை, அந்நூலைக் கண்ணாற் காணும்வரை நம்பாதீர்கள்.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திற் பழைய தொகுப்புகள் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவற்றை 1981இல் எரித்துவிட்டார்கள்; ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. எஞ்சியவற்றை வீடுவீடாகத் திரட்டி 'நூலகம்' என்ற எண்ணிமத் தளம் இலவசமாகப் படிக்கத் தருகிறது. ஒரே நிகழ்ச்சியைத் 'தினகரன்' எவ்வாறு எழுதியது, கம்யூனிஸ்ட் கட்சியின் 'தேசாபிமானி' எவ்வாறு எழுதியது, தமிழரசுக் கட்சியினரின் 'சுதந்திரன்' எவ்வாறு எழுதியது என்று மூன்றையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளியோ கட்சியோ உண்டு. இவ்வுரையை அச்சிடப்போகும் ஏட்டுக்கும் உண்டு, அதனையும் விட்டுவிடாதீர்கள்.

இறுதியாக ஒரு சான்று எந்த நூலகத்திலும் இல்லை. இந்நகரில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தளத்திலே வேலை செய்த தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். பிரித்தானியர் போனால் கம்யூனிசம் வந்துவிடும் என்று அஞ்சியவர் அன்று இருந்தனர். 1957 அக்டோபருக்குப் பின்னர் இங்கே செங்கொடிக் கடற்படைத் தளம் எதுவும் எழவில்லை. வேறு என்ன வந்தது, எந்த வீட்டிற் சம்பளம் நின்றது, எந்தக் கடை மூடப்பட்டது என்பவற்றை அவர்களிடம் கேட்டுத் தேதியிட்டு எழுதுங்கள். தாம் கண்டதை வேறாகவும், பிறர் சொல்லக் கேட்டதை வேறாகவும் எழுதுங்கள்.

பாதுகாப்பு ஒப்பந்தத்தின் படிகளை எடுத்து வந்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பெற்றுக்கொள்ளுங்கள். இங்கேயே வாசித்து முடித்துவிடலாம். அதன் பின்னர் உங்கள் கேள்விகளைத் தொடங்குவோம்.